முறைப்பாடு என்னுடையது

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைக்கும். சம்பளம் இல்லாத பதவிதான், ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரின் அம்மன் கோயில் கதவு வருடத்தில் ஒரு முறை, வைகாசியில்தான் திறக்கும். கதவு திறந்ததிலிருந்து, அம்மனை நீர் தெளித்துக் குளிரவைக்கும் குளிர்த்தி நடக்கும் நாள் வரை சடங்கு. அதற்கிடையில் ஒரு நாள் அம்மனுக்குப் பொங்குவதற்கான நெல்லைப் பெண்கள் கோயில் வளவிலேயே உரலில் போட்டுக் குத்துவார்கள். சடங்கு முடியும்வரை அவர்கள் கோயிலிலேயே விரதமாகத் தங்க வேண்டும். நடுவில் துடக்கு வந்து ஒருத்தி எழுந்து போகும்படி ஆகக் கூடாது என்பதால், நின்றுபோனவர்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

என்னைக் கேட்டு வந்தவர் என் கணவரின் அக்கா. மச்சாள்தான் நெல்லுக் குத்தும் பெண்களுக்குத் தலைவி. வெற்றிலைத் தட்டோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். உலக்கையோடு எனக்கு இன்னொரு பொறுப்பும் வைத்திருந்தார். குத்துத் தொடங்கும்போதும் குளிர்த்தியின்போதும் முதல் குரவையை நான் எடுக்க வேண்டும். நாக்கைச் சுழற்றி அடித்துப் பெண்கள் எழுப்பும் அந்த ஒலி இல்லாமல் எங்கள் பக்கத்தில் கலியாணமும் இல்லை, கோயிலும் இல்லை. நான் பாடசாலையில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் அந்தத் தொங்கலில் நிற்கும் பிள்ளையை விசில் இல்லாமலே இந்தப் பக்கம் வரவழைக்கிற தொண்டை என்னுடையது. ஊர் அதைக் கவனித்து வைத்திருந்தது.

"இனி ஒனக்கு ஒரு கரைச்சலும் இல்லகா," என்றார் மச்சாள். "எல்லாம் அடங்கிப் போச்சு. இனி நீ அம்மாட புள்ள."

சந்தோசமாகத்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு வெற்றிலையை எடுத்தேன். அவர் போன பிறகுதான் எரிச்சல் வந்தது. அடங்கிப் போனது உண்மை. அது நல்ல செய்தி என்று அவருக்கு யார் சொன்னது?

என் கணவர் வேளாண்மைக்காரர். வீடு வாவியின் இந்தக் கரையில், எங்கள் வயல் கிடக்கும் வட்டை அந்தக் கரையில், படுவான்கரையில். விதைப்பிலும் காவல் காலத்திலும் நாலைந்து நாள் வயல் வாடியிலேயே தங்கிவிடுவார். பிறகு பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அந்தச் சத்தம் ஒழுங்கை முகப்பில் கேட்கும்போதே எனக்கு அடிவயிற்றில் ஏதோ இளகும். அடுப்பைக் குறைத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்துத் திரும்ப முடிவேன். எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். முதல் வருடம் அந்த மனிதரைப் பார்த்தால் எனக்கு வெட்கமும் சலிப்பும்தான். ஆசை பிந்தித்தான் வந்தது, வந்த பிறகு தாராளமாக இருந்தது. நான் ஆசையுள்ள பெண். என்னிடத்தில் எனக்குப் பிடித்த குணங்களில் அதுவும் ஒன்று.

ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் வந்தது, வளவுக்குள் வந்து நின்றது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே இருந்தேன். வெட்டி முடித்து, சட்டியைக் கழுவி, இரண்டாவது வெங்காயத்தை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் காதுக்குக் கேட்டது. அதற்குக் கீழே எங்குமே கேட்கவில்லை.

அது வந்த நேரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் பெரிய வீடு சீதனமாக அவளுக்குப் போனது, மருமகன் அங்கே குடிவந்தார். நாங்கள் வளவின் பின்பக்கம் இரண்டு அறை கட்டிக்கொண்டு மாறினோம். ஊரில் எல்லாத் தாய் தகப்பனும் இப்படித்தான் பின்னால் போகிறார்கள், யாரும் அதை இறக்கமாக நினைப்பதில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம்கூட. பிள்ளைகள் பக்கத்து அறையில் வளர்ந்த காலம் முழுக்க எங்கள் வீட்டிலேயே நாங்கள் கள்ளர் மாதிரித்தான் இருந்தோம். இப்போதுதான் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவும், வாவியைப் பார்த்த ஒரு யன்னலும், எங்களைத் தவிர ஆள் இல்லாத ஒரு வீடும் கிடைத்தது. கதவு வந்த வருடமே ஆசை போய்விட்டது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

உடம்பு கொதிப்பதற்கும் நித்திரை வராததற்கும் நகரத்தில் ஒரு பெண் டொக்டரை முன்பே காசு கட்டி நேரம் எடுத்து, சனல் பண்ணிப் பார்த்திருந்தேன். மாத்திரை தந்தார், கொதிப்பு நின்றது, நித்திரை வந்தது. வறட்சிக்கு ஒரு கிறீம் தந்தார், நோவும் போனது. எல்லாம் சரி, அந்த ஒன்றைத் தவிர. கணவர் கையை வைத்தால் நோகவில்லை, இனிக்கவும் இல்லை. அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "படு புள்ள, களச்சிருப்பாய்," என்று திரும்பிப் படுத்துவிடுவார். குறை சொல்லியிருந்தாலாவது ஒரு சண்டை பிடித்து ஆறியிருப்பேன்.

அந்த வைகாசியில் போய் நெல்லுக் குத்தினேன், குரவையும் எடுத்தேன். விரத நாட்களில் புருசன் பெண்சாதி தள்ளி இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைவிட அதுதான் பெரிய சட்டம். என் கணவரும் கோயில் வேலைக்காக ஆண்கள் பக்கத்தில் தங்கியிருந்தார். மச்சாள் எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார்.

"பாருங்கடி, இவள் எவ்வளவு சுத்தமா விரதம் புடிக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு பார்வ பார்க்கிறாளா?"

பார்க்கத் தோன்றவில்லை. அதுதான் விசயம். புகழை வாங்கி வைத்துக்கொண்டு உலக்கையைப் போட்டேன்.

சில மாதங்கள் கழித்து விளையாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு நடந்தது. வீரர்கள் எடுக்கக் கூடாத மருந்துகள் பற்றி ஒரு டொக்டர் வகுப்பெடுத்தார். டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுடைய சமாச்சாரம் என்றுதான் அதுவரை பிள்ளைகளுக்கு நானும் சொல்லி வந்தேன். அவர் சொன்னார், பெண் உடம்பிலும் அது கொஞ்சம் சுரக்கிறது, வயதோடு குறைகிறது, பெண்ணின் ஆசையிலும் அதற்குப் பங்கு உண்டு. மாதவிடாய் நின்றபின் ஆசை போய், அதனால் கவலைப்படுகிற சில பெண்களுக்கு மருத்துவர்கள் அதைச் சிறிய அளவில் கொடுப்பதும் உண்டாம். போகிற போக்கில் இவ்வளவையும் சொல்லிவிட்டு, போட்டிக்குப் போகிறவர்கள் அதைத் தொடவே கூடாது என்று முடித்தார். நான் எந்தப் போட்டிக்குப் போகப் போகிறேன்? என்னை யார் தகுதி நீக்கப் போகிறார்கள்? பக்கத்தில் இருந்த ஆசிரியர் கொட்டாவி விட்டார். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

முதலில் எங்கள் குடும்பத்துக் காய்ச்சலுக்கெல்லாம் மருந்து தருகிற டொக்டரிடம் போனேன். வயதானவர், நல்லவர், என் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர். விசயத்தைச் சொன்னேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவர் ஏதும் கரைச்சல் குடுக்கிறாரா டீச்சர்?"

"இல்ல டொக்டர். அவர் ஒண்டும் சொல்லல்ல. முறைப்பாடு என்னுடையது."

அவருக்கு அது விளங்கவில்லை. இப்படி ஒரு முறைப்பாட்டை ஆண் கொண்டு வருவார், அல்லது ஆணுக்காகப் பெண் கொண்டு வருவாள். பெண் தனக்காகவே கொண்டு வந்தால் எந்தப் பக்கத்தில் பதிவது என்று அவர் படிக்கவில்லை போலும்.

"இது இயற்கை டீச்சர். இந்த வயசில மனசக் கோயில் பக்கம் திருப்புங்க."

"திருப்பித்தான் இருக்கன். இந்த வைகாசி நெல்லும் குத்தினன். அதால இது திரும்பி வரல்ல."

விற்றமின் எழுதித் தந்தார். அதைக் கணவருக்குக் கொடுத்தேன். நல்லாப் பசிக்கிறது என்றார்.

பிறகு அந்தப் பெண் டொக்டரிடமே திரும்பப் போனேன். என்னைவிட இளையவர், மலையகத்தில் பிறந்து கொழும்பில் படித்தவர். பஸ்ஸில் போகும்போதே ஒரு வசனத்தைத் தயாரித்து மனதுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்தேன். காத்திருக்கும் இடம் முழுக்கக் கர்ப்பிணிகளும் அவர்களின் தாய்மாரும். அந்த வயிறுகளுக்கு நடுவில் என் சோலியோடு உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முறை வந்ததும் உள்ளே போய், உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்.

"டொக்டர், எனக்கு ஆசை போயிட்டு. எனக்கு அது திரும்ப வேணும். டெஸ்டோஸ்டிரோன் தர ஏலுமா எண்டு கேக்க வந்தன்."

அவர் பேனையை வைத்தார். "உட்காருங்க டீச்சர். இது உங்களுக்கு எவ்வளவு கவலையா இருக்கு?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானே என்னிடம் கேட்டதில்லை. "நிறைய," என்று மட்டும் வாயில் வந்தது. கண் கலங்கியது. மைதானத்தில் பிள்ளைகள் அழுதால் தண்ணீர் குடி என்று அதட்டுகிறவள் நான். என் பையிலிருந்த போத்தலை எடுத்துக் குடித்தேன்.

அவர் அவசரப்படாமல் விசாரித்தார். மனச்சோர்வு இருக்கிறதா, தைரொயிட் பார்த்தீர்களா, கணவரோடு மனத்தாங்கல் ஏதும் உண்டா, மார்பில் கட்டி கிட்டி வந்திருக்கிறதா. பெண்களுக்கென்று தனியாகச் செய்த மருந்து இங்கே கிடைக்காது, ஆண்களுக்கான ஜெல்லில் மிகச் சிறிய அளவைத்தான் பாவிக்க வேண்டும் என்றார். எல்லோருக்கும் அது வேலை செய்யாது. ஆறு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். முதலிலும் இடையிலும் இரத்தம் சோதிக்க வேண்டும், அளவு கூடினால் முகத்தில் மயிர் முளைக்கலாம், பரு வரலாம். அரிதாகக் குரல் தடிக்கலாம், தடித்தால் பழைய குரல் திரும்பாமலும் போகலாம்.

"நீங்க பாடுவீங்களா? மேடையில, எங்கயாவது?"

"ஐயோ இல்ல டொக்டர். நான் விசில் ஊதுற ஆள்."

இருவரும் சிரித்தோம். இரத்தச் சோதனைக்கு எழுதித் தந்தார். முடிவு வந்ததும் வரச் சொன்னார். கெட்டிக்காரியாகப் பதில் சொல்லிவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கிழமை சொந்தத்தில் ஒரு கலியாணம். தாலி ஏறும்போது வழக்கம் போல நான்தான் முதல் குரவையை எடுத்தேன், பெண்கள் பின்னால் சேர்ந்தார்கள். மச்சாள் என் தோளைத் தட்டினார். "ஒண்ட குரல் இல்லாட்டி வைகாசிக் குளிர்த்தியே குளிராதுகா." அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. குரவையை நாங்கள் பாட்டில் சேர்ப்பதே இல்லை. பாட்டு பாடத் தெரிந்தவர்களுக்கு, குரவை கைதட்டுவது போல எல்லோருக்கும். 'பாடுவீங்களா' என்று கேட்டால் எங்கள் ஊரில் எந்தக் குரவைக்காரியும் இல்லை என்றுதான் சொல்லுவாள். ஆனால் அது தொண்டையிலிருந்துதானே வருகிறது? உச்சத்தில் நின்று உடையாமல் போக வேண்டிய ஒலி. ஒரு பிடி தடித்தாலும் அது முடிந்தது. பந்தியில் உட்கார்ந்து எதைச் சாப்பிட்டேன் என்றே தெரியவில்லை. ஒன்றைக் கேட்டு வாங்கப் போய் இன்னொன்றைக் கொடுத்துவிட்டு வருவேனோ என்று பயம் பிடித்தது.

இரத்தச் சோதனை முடிவோடு போனபோது முதல் வேலையாக அதைச் சொன்னேன்.

"டொக்டர், போன முறை பிழையாச் சொல்லிட்டன். நான் பாடமாட்டன், ஆனா குரவ போடுவன். கோயில்ல முதல் குரவ என்ட."

அவர் குரவையைக் கேள்விப்பட்டிருக்கிறார், கிட்டே நின்று கேட்டதில்லை. "இப்ப செஞ்சு காட்ட முடியுமா? எவ்வளவு மேல போகுதுன்னு பார்க்கணும்."

எழுந்து நின்றேன். மூச்சை இழுத்து, கையை வாயருகே வைத்து, கோயிலில் எடுப்பது போலவே எடுத்தேன். அரைக்குரவை என்று ஒன்று கிடையாது. அந்தச் சின்ன அறையில் அது சுவரில் மோதித் திரும்பியது. டொக்டர் கதிரையோடு பின்னால் போனார்.

நான் முடிக்கவில்லை, வெளியிலிருந்து ஒரு குரவை வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு காத்திருந்த தாய்மார் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குரவை எழும்பினால் அதைத் தனியே விடக் கூடாது, காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். தாதி மிஸி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வயதான பெண் எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, பொம்புளப் புள்ளயா ஆம்புளப் புள்ளயா?" என்றார். டொக்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். கதவைச் சாத்தி எல்லோரையும் அமர்த்த நேரம் எடுத்தது.

பிறகு அவர் மருத்துவராகத்தான் பேசினார். "இந்த அளவுல, இரத்தம் பார்த்துப் பார்த்துக் குடுத்தா, குரல் மாறுறது ரொம்ப அரிது. மாறவே மாறாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கொஞ்சம் கரகரப்பு தெரிஞ்சாலும் உடனே நிறுத்திட்டு வாங்க. இப்ப ஒரு தடவை போன்ல பதிஞ்சு வைங்க, பிறகு ஒத்துப் பார்க்கலாம். யோசிச்சு முடிவு பண்ணுங்க, அவசரமில்ல."

யோசித்தேன், அந்தக் கதிரையிலேயே. குரவைக்கு என் இடத்தில் இன்னொருத்தி நிற்கலாம். கொஞ்சம் குறைந்த தொண்டையாக இருந்தாலும் அம்மன் கோபிக்கமாட்டா. மற்றதற்கு என் இடத்தில் யாரும் நிற்க முடியாது. நிற்கவும் விடமாட்டேன். குரலை இழந்தால் அழுவேன், நன்றாகவே அழுவேன். ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் அதைவிடக் கூட அழுதிருப்பேன்.

"எழுதுங்க டொக்டர்," என்றேன்.

வெளியே வந்ததும் தாய்மார் சூழ்ந்துகொண்டார்கள். என்ன நல்ல செய்தி என்றார்கள். மருந்து கிடைத்துவிட்டது என்றேன். அதற்குக் குரவை போடுவார்களா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யன்னலோரம் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு குறையும் இல்ல புள்ள," என்றார். "இதுக்காகக் குரலக் குடுக்கணுமா?"

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு."

கொஞ்ச நேரம் சுரண்டினார். "நான் எண்டா நினைச்சன், ஒனக்கு என்னில வெறுத்துப் போச்சாக்கும் எண்டு." அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இத்தனை மாதமும் அந்த எண்ணத்தோடுதான் திரும்பிப் படுத்திருக்கிறார். அவர் குறை சொல்லாததை நான் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மற்றக் காலில் இருந்த சேற்றை நான் சுரண்டினேன்.

ஜெல்லைப் பாமசிக்காரர் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். இருவரும் போய் வாங்கினோம். டொக்டர் எழுதித் தந்த துண்டில் என் பெயர் இருந்தாலும் பெட்டியில் ஆணின் தோள் படம். பாமசிக்காரர் துண்டை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. என் கணவரை ஓரமாகக் கூப்பிட்டு, காலையில் குளித்தபின் தோளில் பூசும்படி இரக்கத்தோடு விளக்கினார். "பயப்படாதீங்க அண்ணன், கனபேருக்கு இருக்கிறதுதான்." என் கணவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். வெளியே வந்து மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி அவர் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. ஏன் திருத்தவில்லை என்றேன். "அந்தாள் எவ்வளவு அன்பாச் சொன்னது, அதக் கெடுக்கிறதா?" என்றார். அந்தக் கடைப்பக்கம் அவருக்கு இன்றும் தனி மரியாதை.

டொக்டர் சொன்னபடி ஒரு பயறளவு எடுத்துத் தொடையில் பூசிக் கையைக் கழுவுவேன். கிழமைகள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. பயிற்சி தொடங்கிய மறுநாளே பதக்கம் கேட்கும் பிள்ளைகளைத் திட்டுகிற நானே தினமும் காலையில் எனக்குள் தட்டிப் பார்த்தேன். போனில் பதிந்த குரவையையும் போட்டுக் கேட்டு, கிணற்றடியில் நின்று ஒத்துப் பார்ப்பேன். மகள் பெரிய வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, இப்ப ஆருக்குக் கலியாணம்?" என்பாள். குரல் அப்படியே இருந்தது. மற்றது வரவில்லை.

பிறகு ஒரு நாள், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லாத ஒரு நாள், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வட்டையிலிருந்து வந்து கிணற்றடியில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முதுகில் தண்ணீர் ஊற்றினார். வெயிலில் கறுத்த அந்தக் கழுத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கையிலிருந்த துவாயிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால் நனைந்தது. அடிவயிற்றில் அந்தப் பழைய இளக்கம். வாடி வா என்று அதை நானே கூப்பிட்டேன், மனதுக்குள். துவாயைக் கொடியில் எறிந்துவிட்டு உள்ளே போய்க் கொண்டையை அவிழ்த்துத் திரும்ப முடிந்தேன்.

அடுத்த பரிசோதனையில் இரத்தத்தில் அளவு சரியாக இருந்தது. டொக்டர் போனில் இருந்த பழைய குரவையையும் புதியதையும் காதில் வைத்துக் கேட்டார். இந்த முறை அறைக்குள் குரவை போட விடவில்லை. வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவரைப் பிறகு கேட்போம், முதலில் என்னைக் கேளுங்கள் என்றேன்.

வைகாசி வந்தது. கதவு திறந்தது. மருந்தால் மாதவிடாய் திரும்பாது என்பதை டொக்டரிடம் கேட்டு உறுதி செய்திருந்தேன், அதனால் கோயில் சட்டத்துக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. உலக்கையோடு போய் நின்றேன். ஆனால் அந்த விரதம் போல ஒரு விரதத்தை நான் வாழ்க்கையில் பிடித்ததில்லை.

என் கணவர் ஆண்கள் பக்கத்தில் வெறும் மேலோடு பந்தல் கால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பார்க்கக் கூடாது என்று குனிந்தேன். தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு போனார், குனிந்தேன். சும்மா நின்று கதைத்துக்கொண்டிருந்தார், அதற்கும் குனிய வேண்டியிருந்தது. மச்சாளின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"என்னகா, போன முறை நல்ல பிள்ளையா இருந்தாய். இந்த முறை கண் அலையுது."

"அலையுது மச்சாள். புடிச்சுத்தான் வச்சிருக்கன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அதட்டவில்லை. உலக்கையை என் கையில் வைத்து, "அப்ப குத்து," என்றார். குத்தினேன். போன வருடம் நான் விரதமே பிடிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பசியே இல்லாதவள் இலையைத் தள்ளி வைத்ததற்குப் புகழ் வாங்கியிருக்கிறேன். இந்த வருடம்தான் அம்மனுக்கு நான் எதையாவது கொடுக்கிறேன். அவவுக்கு அது தெரிந்திருக்கும்.

குளிர்த்தி நாள் கோயில் வளவில் கால் வைக்க இடமில்லை. பூசை செய்யும் கட்டாடியார் வேப்பிலையால் அம்மனுக்குக் குளிர்ந்த நீர் தெளிக்கத் தொடங்கியதும் எல்லாப் பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள். கையை வாயருகே வைத்தேன். முதல் ஒலி தடித்துக்கொண்டு வந்தது.

அந்தச் சனத்துக்கு நடுவில், அந்த ஒரு நொடியில், குரல் போய்விட்டது என்றே நினைத்தேன். தொண்டையைச் செருமினேன். நெல்லுக் குத்திய உமித்தூசும் நாள் முழுக்கக் குடித்த சாம்பிராணிப் புகையும் இறங்கின. திரும்ப மூச்சை இழுத்தேன். இரண்டாவது ஏறியது. ஏறி, உச்சத்தில் நின்று, உடையாமல் பந்தலுக்கு மேலே போனது. பெண்கள் பின்னால் சேர்ந்தார்கள், வளவு அதிர்ந்தது. மூச்சு வாங்கும்போது ஆண்கள் பக்கத்தைப் பார்த்தேன். சடங்கு முடிந்துகொண்டிருந்தது, இனிப் பார்க்கலாம். அவர் கூட்டத்தில் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் பங்கு பிரிக்கத் தொடங்கினார்கள். நான் மச்சாளிடம் உலக்கையைக் கொடுத்துவிட்டு, பன்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மோட்டார் சைக்கிள் வாசலில் ஏற்கனவே உறுமிக்கொண்டு நின்றது. ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்தேன்.

"எங்ககா இந்த ஓட்டம்?" மச்சாள் பின்னால் கத்தினார். "பங்கு எடுக்கல்லயா?"

"நீங்க எடுத்து வைங்க மச்சாள்," என்று மைதானத்துக் குரலில் திருப்பிக் கத்தினேன். "என்ட விரதம் முடிஞ்சிட்டு."